முதல் டிஎஸ்எல்ஆர்: ஆயாவையும் எருமையையும் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

கெடிலக்கரை
10 டிசம்பர் 2023, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. வேலைக்குக் கடலூர் போய் வருகிறேன். வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்கள், ஓர் எருமை, பதினான்கு வெள்ளாடுகள். நான்கு வயதில் மகள் இருக்கிறாள். ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது.

போன மாசியில் தாத்தா காலமானார். கருமாதிக்குச் சட்டம் போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். ரேஷன் கார்டில் இருந்ததைத்தான் பெரிதாக்கி வைக்க முடிந்தது. முகம் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. நாற்பது ஆண்டு ஏர் ஓட்டியவர் அவர். அவர் கட்டி வளர்த்த மாடுகளில் ஒன்றின் படம்கூட எங்களிடம் இல்லை. ஆயாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

கையில் 45,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஒரு கடையில் கேனான் 1500டி என்ற டிஎஸ்எல்ஆரை (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) 18-55, 55-250 எம்எம் என்று இரண்டு லென்ஸோடு காட்டினார்கள். வீட்டு ஆட்களுக்குச் சின்ன லென்ஸ், ஆடு மாடுகளுக்குப் பெரிய லென்ஸ் என்று விளக்கினார்கள். கேட்கச் சரியாகத்தான் தோன்றுகிறது. வாங்கிவிடலாமா? மாட்டுப் பொங்கலுக்குள் கேமரா கைக்கு வந்துவிட வேண்டும்.

உப்பளம்
10 டிசம்பர் 2023, இரவு 10.02

டிஎஸ்எல்ஆரே வேண்டாம், நண்பரே. உச்ச மாடல்களான கேனான் 1டிஎக்ஸ் மார்க் 3, நிக்கான் டி6 இரண்டும் 2020இல் வந்தன. அதற்குப் பிறகு அந்த உயரத்தில் இரண்டு நிறுவனமும் புது டிஎஸ்எல்ஆர் விடவில்லை. புது லென்ஸ்கள் எல்லாம் மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) பக்கம்தான் வருகின்றன. இன்னும் கொஞ்சம் சேர்த்து கேனான் ஆர்50 அல்லது நிக்கான் இசட்30 வாங்குங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும். ஓடுகிற குழந்தைக்கு அதைவிட வசதி இல்லை.

வில்லியனூர் ஒளி
11 டிசம்பர் 2023, காலை 6.40

பன்னிரண்டு ஆண்டுகளாகப் புதுச்சேரியில் கல்யாணப் படம் எடுக்கிறேன். உப்பளம் சொல்லும் போக்கு உண்மைதான். நானே மிர்ரர்லெஸுக்கு மாறிவிட்டேன். ஆனால் 45,000 என்பது அவர் சேர்த்த பணம். அதற்கு மேல் போகச் சொல்வது எளிது, அதைக் கட்டுவது அவர்தான். மிர்ரர்லெஸுக்கு எல்லோரும் மாறுவதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் இரண்டாம் கையாகச் சந்தைக்கு வந்து குவிகின்றன. முதல் கேமரா வாங்குகிறவருக்கு இது நல்ல காலம்.

கண் பிடிக்கும் வசதி பற்றி ஒன்று. தயாரிப்பாளர்கள் தரும் பட்டியலில் நாய், பூனை, பறவை இருக்கும், சில மாடல்களில் குதிரையும் இருக்கும். பசுவும் வெள்ளாடும் எழுதப்பட்ட பட்டியலை நான் பார்த்ததில்லை. சில நேரம் மாட்டின் கண்ணையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள்.

1500டி விஷயத்துக்கு வருகிறேன். 24.1 மெகாபிக்சல் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். உங்களுக்கு முக்கியம் வேறு இரண்டு எண்கள்: ஃபோகஸ் புள்ளிகள் (கேமரா கூர்மை பிடிக்கும் இடங்கள்) 9, விநாடிக்கு 3 படங்கள். நிற்கிற ஆயாவுக்கு இது போதும். துள்ளுகிற ஆட்டுக்குட்டிக்கு மிகவும் குறைவு. நிக்கான் டி5600இல் 39 புள்ளிகள், விநாடிக்கு 5 படங்கள். கேனான் 200டி மார்க் 2இல் கண்வில்லையில் பார்த்து எடுத்தால் 9 புள்ளிகள்தான், ஆனால் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் மிக வேகம். திரையை வெளியே இழுத்துத் திருப்பலாம், தரையோடு வைத்துக் குட்டி ஆடுகளை எடுக்கலாம். இந்த இரண்டில் ஒன்றை, அதிகம் உழைக்காத இரண்டாம் கையாகத் தேடுங்கள்.

கெடிலக்கரை
11 டிசம்பர் 2023, இரவு 8.30

நன்றி அண்ணா. அப்படியானால் 55-250 போன்ற பெரிய லென்ஸ் வேண்டாமா? மாடு மேய்வதை எட்ட நின்று எடுக்க அது உதவும் என்று நினைத்தேன்.

முந்திரிக்காடு
11 டிசம்பர் 2023, இரவு 9.48

தம்பி, நான் விருத்தாசலம் பக்கம் முந்திரித் தோப்பில் ஆடு வளர்க்கிறேன். கிடா விற்பதற்குப் படம் எடுக்கத் தொடங்கியவள். இப்போது எடுக்காத நாள் இல்லை. நானும் முதலில் பெரிய லென்ஸ்தான் வாங்கினேன். ஆறு மாதம் பெட்டியில் இருந்தது.

காரணம் சொல்கிறேன். காட்டு மிருகம் ஓடிவிடும், அதற்குத் தொலைவு லென்ஸ் வேண்டும். நம் ஆடு நம்மைக் கண்டால் ஓடி வரும். பாக்கெட்டில் அரிசி இருக்கிறதா என்று மோந்து பார்க்கும். எட்டத்தில் இருக்கிற ஆட்டைக் கிட்டே கொண்டுவரும் வேலையே நமக்கு இல்லை. வந்து ஒட்டிக்கொள்கிற ஆட்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவதுதான் வேலை.

இன்னொன்று. உங்கள் முதல் பதிவை இரண்டு முறை படித்தேன். வீட்டு ஆட்கள் என்று ஒரு பட்டியல், ஆடு மாடு என்று இன்னொரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். கடைக்காரரும் அதே கணக்கில் இரண்டு லென்ஸைக் கட்டித் தந்துவிட்டார். உங்கள் தாத்தாவுக்கு எந்தப் படம் இல்லை என்று வருந்துகிறீர்கள்? தாத்தா மாட்டோடு நிற்கிற படம். ஆயா பால் கறக்கும்போது, மகள் குட்டிக்கு அகத்திக் கொத்து நீட்டும்போது எடுக்கிற படம்தான் உங்களுக்கு வேண்டியது. அதில் மனிதரும் மாடும் ஒரே சட்டத்துக்குள் இருப்பார்கள். அதற்கு ஒரே லென்ஸ் போதும், கொட்டகை இருட்டைத் தாங்குகிற லென்ஸாகப் பாருங்கள்.

வில்லியனூர் ஒளி
12 டிசம்பர் 2023, காலை 6.15

அக்கா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது எண்கள் மட்டும்தான்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 50 பக்கம் திருகினால் அதன் வாய் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம்). 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். கீற்றுக் கொட்டகைக்குள் விடியற்காலையில் இந்த 10 மடங்குதான் தெளிந்த முகத்துக்கும் கலங்கிய முகத்துக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் 50 வாங்குமுன் கொட்டகையின் நீளத்தைப் பாருங்கள். இந்த கேமராக்களின் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) பழைய பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. லென்ஸின் எண்ணைக் கேனானில் 1.6ஆல், நிக்கானில் 1.5ஆல் பெருக்க வேண்டும். கேனானில் 50 போட்டால் 80 போல் நெருங்கித் தெரியும். ஆயாவின் முகத்துக்கு அழகு, ஆனால் ஆயாவும் முழுப் பசுவும் சேர்ந்து வர வேண்டுமானால் நீங்கள் சுவரை உடைத்துக்கொண்டு பின்னே போக வேண்டும். நிக்கானுக்கு 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் என்று ஒரு லென்ஸ் இருக்கிறது. கணக்குப் போட்டால் 52 சொச்சம் வரும். மனிதர், மாடு, கொஞ்சம் கொட்டகை எல்லாம் அடங்கும். கேனானில் இந்த இடத்தை நிரப்ப 24 எம்எம் எஃப் 2.8 உண்டு. அப்பம்போல் தட்டையானது, நல்ல லென்ஸ், ஆனால் ஒளி அதே அளவு வராது. இந்த ஒரே காரணத்துக்காக உங்களுக்கு டி5600 என்கிறேன்.

உப்பளம்
12 டிசம்பர் 2023, காலை 9.20

கேமராவைப் பொறுத்தவரை என் கருத்து மாறவில்லை. இன்னும் ஐந்து ஆண்டில் டிஎஸ்எல்ஆர் பழுதானால் பாகம் கிடைக்குமா என்ற கேள்வி நிற்கிறது. ஆனால் அந்தத் தாத்தா படத்தைப் பற்றி அக்கா எழுதியதைப் படித்தபின் லென்ஸ் பற்றி வாதாட எனக்கு எதுவும் இல்லை.

மருந்துப்பெட்டி
12 டிசம்பர் 2023, இரவு 10.30

நான் கால்நடை மருத்துவர். குருமாம்பேட்டையில் படித்தேன். கேமரா பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். மாட்டின் பக்கமிருந்து சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

பசுவின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 330 பாகை வரை சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து கேமராவோடு போனால் உதை நிச்சயம். தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போங்கள். கழுத்துப் பட்டை தொங்கி ஆடினால் வெள்ளாடு மிரளும், கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். மாடு ஆடுகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. இருட்டில் பார்க்க அது உதவுகிறது. ஃப்ளாஷ் அடித்தால் அந்தப் படலம் பச்சையாகவோ நீலமாகவோ எரிகிற கண்ணாகப் படத்தில் வந்து நிற்கும். கறவையின்போது அடித்தால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். படத்துக்காகப் பாலை இழக்காதீர்கள்.

மாட்டை மட்டும் தனியாக எடுப்பதானால், விற்பனைக்கோ இனப்பெருக்கப் பதிவுக்கோ, பக்கவாட்டில் நேர்க்கோணத்தில் நில்லுங்கள். கேமரா மாட்டின் நடு உடம்பு உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் கால் குட்டையாகத் தெரியும். லென்ஸை 18இல் வைத்துக்கொண்டு தலைக்கு அருகே போய் எடுத்தால் தலை பெருத்து, இடுப்பு சிறுத்து, நல்ல பசுவும் நோஞ்சானாகத் தெரியும். தள்ளி நின்று 50க்கு மேல் வைத்து எடுங்கள். நான்கு கால்களும் மடியும் தெரிய வேண்டும். முன்னால் ஒருவர் தவிட்டு வாளியைத் தட்டினால் காது நிமிரும், அந்த நொடியில் எடுத்துவிடுங்கள்.

காப்பீட்டுக்கான படத்தில் காதில் இருக்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண் படிக்கும்படி இருக்க வேண்டும். அதற்குக் கைப்பேசியே போதும்.

கன்று பிறந்தால் தள்ளிப்போடாமல் எடுங்கள். உம்பளச்சேரி, காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக இருந்து ஆறு மாதவாக்கில் சாம்பலுக்கு மாறிவிடும். அந்தச் சிவப்பு திரும்பி வராது.

கெடிலக்கரை
13 டிசம்பர் 2023, இரவு 9.05

டாக்டர், மிக்க நன்றி. எருமை பற்றி ஒரு கேள்வி. கைப்பேசியில் எடுத்தால் ஒன்று கறுப்புத் திட்டாக வருகிறது, இல்லையென்றால் சாம்பல் பூசியதாக வருகிறது. பக்கத்தில் வெள்ளைப் புடவையோடு நிற்கும் ஆயா வெளிறிப் போகிறார். கேமரா மாறினால் இது சரியாகுமா?

வில்லியனூர் ஒளி
14 டிசம்பர் 2023, காலை 5.55

தானாகச் சரியாகாது. இதைக் கற்றுக்கொள்வதற்குத்தான் நல்ல கேமரா வாங்குகிறோம் என்று சொல்வேன்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எருமை என்று எதுவும் தெரியாது. தன் முன் இருப்பதெல்லாம் சராசரியில் நடுச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் அது அளக்கிறது. சட்டம் முழுக்க எருமை நின்றால், 'ஐயோ, இருட்டாக இருக்கிறதே' என்று வெளிச்சத்தைக் கூட்டும். எருமை சாம்பலாகும், பின்னால் வைக்கோல் போர் வெளுத்துப்போகும். வெள்ளாடு வெள்ளை நிறமாக இருந்து சட்டத்தை நிரப்பினால் நேர் எதிர். வெளிச்சத்தைக் குறைத்து ஆட்டை அழுக்காக்கிவிடும். ஆகவே எருமைக்கு ஒளி ஈடு -1, வெள்ளை ஆட்டுக்கு +1 என்று நீங்கள்தான் திருத்த வேண்டும். டி5600இல் மேலே கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால் ஆயிற்று.

ஆயாவும் எருமையும் சேர்ந்து நின்றால் புடவைக்கு முதல் மரியாதை. வெளுத்துப்போன புடவையின் மடிப்பை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. எருமையின் இருட்டுக்குள் இருப்பதை மீட்கலாம், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் நிறையவே மீட்கலாம். புடவைக்கு அளந்து எடுங்கள், பிறகு கணினியில் நிழலை மட்டும் மெல்லத் தூக்குங்கள். எருமையின் தோலில் எண்ணெய் தேய்த்த மினுமினுப்பு, காதோர மயிர், எல்லாம் மேலே வரும். அந்த வேலை செய்யும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி எந்தக் கல்யாண மேடையிலும் வந்ததில்லை.

ஷட்டர் திறந்து மூடும் வேகமும் சொல்லிவிடுகிறேன். ஆயா உட்கார்ந்திருந்தால் 1/125 விநாடி, மகள் விளையாடினால் 1/250க்குக் குறையக் கூடாது, கன்று துள்ளினால் 1/500 முதல் 1/1000 வரை. கொட்டகையில் எல்இடி விளக்கு எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாக வரக்கூடும். அப்போது 1/100 வைத்துப் பாருங்கள்.

பழைய பிலிம்
14 டிசம்பர் 2023, பகல் 11.30

மஞ்சக்குப்பத்தில் முப்பத்தோரு ஆண்டு ஸ்டுடியோ நடத்தினேன். இப்போது ஓய்வு. இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊர் காற்று.

கடலூரிலும் புதுச்சேரியிலும் லென்ஸைக் கொல்வது ஈரக்காற்றுதான். 2015 வெள்ளத்தின்போது என்னுடைய மூன்று லென்ஸ்களைப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன், தண்ணீர் படாமல் காத்துவிட்டோம் என்று நிம்மதியாக. இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் பூஞ்சணம். இரண்டைத் தூக்கிப் போட்டேன். தோல் பையில், துணி நடுவில், இருட்டில் வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது.

மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலமும், ஈரப்பதம் காட்டும் சிறு மானியும் உள்ளே போடுங்கள். 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடலாம். இந்தச் செலவையும் 45,000க்குள் எழுதிக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கொண்டுபோனால் வீடு வந்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் வெளிப்புறத்தைத் துடையுங்கள், உப்பு தங்கக் கூடாது. கொட்டகைக்குள் லென்ஸைக் கழற்றி மாட்டாதீர்கள். வைக்கோல் தூசி சென்சாரில் போய் உட்காரும்.

இரண்டாம் கை லென்ஸ் வாங்கும்போது இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். நூல்போல் ஏதாவது தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கெடிலக்கரை
17 டிசம்பர் 2023, மாலை 6.10

ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு டப்பாவைத்தான் முதலில் வாங்கினேன்.

இன்று புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தைப் பக்கம் போயிருந்தேன். ஒருவர் நிக்கான் 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ் மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. டி5600க்குப் பொருந்தும் என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா? மேலும், வரி குறைவு என்பதால் கேமராவைப் புதுச்சேரியில்தான் வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது இன்னும் உண்மையா?

வில்லியனூர் ஒளி
17 டிசம்பர் 2023, மாலை 6.35

வேண்டாம், நிறுத்துங்கள். பொருந்தும், படமும் வரும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 இரண்டிலும் அந்த மோட்டார் இல்லை. டி7500இல் உண்டு. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முதல் லென்ஸில் பலர் ஏமாறுகிற இடம் இதுதான்.

வரி பழைய கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கேமராவுக்கு இரண்டு ஊரிலும் ஒரே வரி. பில்லும் இந்திய உத்தரவாத அட்டையும் எங்கே ஒழுங்காகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குங்கள்.

முந்திரிக்காடு
17 டிசம்பர் 2023, இரவு 9.00

தம்பி, கேமரா வாங்கியதும் நேரே ஆயாவிடம் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை வேப்பூர் ஆட்டுச் சந்தைக்கோ, செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு மாட்டுச் சந்தைக்கோ ஒரு முறை போய்க் கை பழகுங்கள். விடியும் முன்பே கூட்டம் கூடிவிடும். எல்லா நிறத்திலும் ஆடு மாடு கிடைக்கும், வெயில் ஏறுவதற்குள் நூறு படம் எடுத்துவிடலாம். யாரை எடுத்தாலும் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். விலை பேசும் இடத்தில் கேமராவை நீட்டாதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது.

கெடிலக்கரை
28 டிசம்பர் 2023, இரவு 10.20

வாங்கிவிட்டேன். இரண்டாம் கை டி5600, 18-55 ஏஎஃப்-பி லென்ஸோடு. விற்றவர் எடுத்த ஒரு படத்தின் கோப்பை வாங்கி ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எடுத்த படங்கள்) பார்த்தேன், 11,400தான் ஓடியிருக்கிறது. இந்த ஷட்டர் 1,00,000 முறை சோதிக்கப்பட்டது என்பதால் நிம்மதி. டார்ச் அடித்தும் பார்த்தேன், சுத்தம். 35 எம்எம் எஃப் 1.8 மட்டும் புதிதாக. மெமரி கார்டு, டப்பா எல்லாம் சேர்த்து 43,800 ஆயிற்று.

நாளை வெள்ளிக்கிழமை, வேப்பூர் போகிறேன்.

கெடிலக்கரை
17 ஜனவரி 2024, இரவு 8.45

நேற்று மாட்டுப் பொங்கல். விடியலில் எருமையைக் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசி, ஆயா குங்குமம் வைக்கும்போது எடுத்தேன். கறவை முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன், கேமரா எருமையின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. எஃப் 2.8, 1/200, ஒளி ஈடு -1. ஆயா கேமராவைப் பார்க்கவே இல்லை. எருமையோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். புடவையின் மடிப்பு தெரிகிறது, நெற்றியில் விரல் படும் இடம் தெரிகிறது. மகள் பின்னால் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் அவள்தான் என்று தெரிகிறது.

கணினியில் நிழலைத் தூக்கியபோது எருமையின் இமை மயிர் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. அப்பா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம் நகரவில்லை.

இதை அச்சிட்டுச் சட்டம் போட வேண்டும். எந்த அளவுக்குப் பெரிதாக்கலாம், ஐயா?

பழைய பிலிம்
18 ஜனவரி 2024, காலை 8.10

உங்கள் கோப்பு 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வைத்தால் 20க்கு 13 அங்குலம் வரை கூர்மை குறையாது. 18க்கு 12 போடுங்கள், வெட்டாமல் அப்படியே பொருந்தும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடச் சொல்லுங்கள். சட்டத்தின் கண்ணாடியில் படம் ஒட்டாதபடி நடுவே அட்டை விளிம்பு வைக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்கவே முடியாது.

சட்டம் போடுமுன் படத்தின் பின்பக்கம் பென்சிலால் நாள், ஊர், படத்தில் உள்ளவர்கள் பெயர் எழுதுங்கள். என் ஸ்டுடியோவை மூடியபோது பெயர் தெரியாத படங்கள் இரண்டு பெட்டி நிறைய இருந்தன. மாட்டின் பெயரையும் எழுதுங்கள்.

கெடிலக்கரை
21 ஜனவரி 2024, மாலை 5.30

சட்டம் வந்துவிட்டது. பின்னால் இப்படி எழுதியிருக்கிறேன்: தை 2, விடியற்காலை, எங்கள் கொட்டகை. ஆயா, கருப்பாயி, பாப்பா. கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆயாவிடம் கேட்டிருக்கிறேன்.